ஆயிரம் கிலோமீட்டர் தீனி

பத்து மணி நேரம் இருபது நிமிடம் வானத்தில் இருந்துவிட்டு இம்கே ஓர் உருளைக்கிழங்கு வயலில் இறங்கினாள். ஆயிரம் கிலோமீட்டருக்கு இன்னும் எழுபது பாக்கி இருந்தது.

கிளைடரை ஏற்றிவர ட்ரெய்லருடன் போன அவள் கணவன் ரூடிகர், முதலில் தேடியது சாப்பாட்டுப் பெட்டியை. அது இருக்கைக்குப் பின்னால் இருந்தது. திறந்தான். விடியற்காலையில் எழுந்து அவன் அடுக்கிக் கொடுத்த கறுப்பு ரொட்டி, சாசேஜ், ஆப்பிள் துண்டுகள் எல்லாம் அடுக்கியபடியே இருந்தன. தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூட யாரும் திருகவில்லை.

"ஒரு கடி கடிக்கல பாரு" என்றான்.

"யார் செஞ்சது?" என்றான் கூட வந்த பூர்கார்ட்.

"நான்தான்."

"அப்ப சரிதான்."

பூர்கார்ட் கிளப்பில் விஞ்ச் ஓட்டுபவன். எஞ்சின் இல்லாத கிளைடர்களை நீண்ட கம்பிவடத்தில் கட்டி, பட்டம் விடுவதுபோல் மேலே இழுத்துவிடுவது அவன் வேலை. மேலே போனவர்களைப் பற்றிக் கீழே இருந்து பேசுவது அவன் பொழுதுபோக்கு.

வயலின் சொந்தக்காரர் வரப்பில் நின்றிருந்தார்.

"ஆள் வீட்டுல இருக்காங்க. மணி அடிச்சாங்க, கதவத் திறந்தேன், வணக்கம்கூடச் சொல்லாம உள்ள ஓடிட்டாங்க. இப்ப என் மனைவி தண்ணி ஊத்திக் குடுத்துட்டிருக்கா. மூணாவது கிளாஸ்."

பூர்கார்ட் அண்ணாந்து பார்த்தான். மாலை வெயிலில் மேகங்கள் வடக்கு வரை வரிசை கட்டி நின்றன. அவற்றின் அடிவயிறு தட்டையாக, கறுத்து இருந்தது. கிளைடர் ஓட்டுபவர்களுக்கு அதைவிட அழகான காட்சி இல்லை. ஒவ்வொரு மேகத்துக்கு அடியிலும் மேலே தூக்கிவிடும் காற்று இருக்கும்.

"இதுல ஏறியிருந்தா வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கும்" என்றான். "ஆயிரத்து நூறு மீட்டர் உயரம் வேற கைல இருந்துச்சு. எதுக்கு இறங்கினா?"

வீட்டிலிருந்து வந்த இம்கேயிடமும் அதையே கேட்டான்.

"முடியல" என்றாள் இம்கே. "அவ்வளவுதான்."

இம்கே எப்போதும் அவ்வளவுதான் பேசுவாள்.

வெளியில் இறங்கியவர், கூட்டிப்போக வந்தவர்களுக்குச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும் என்பது கிளப்பின் சட்டம். வழியில் ஒரு விடுதியில் உட்கார்ந்தார்கள். இம்கே ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சி, ஒரு முழு ஷ்னிட்ஸல், சாப்பிட்டாள். பொரித்த உருளைக்கிழங்கு இரண்டு தட்டு. பிறகு ரூடிகரின் ஷ்னிட்ஸலில் பாதி.

ரூடிகர் முள்கரண்டியைக் கீழே வைத்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பசி" என்றான். "பசிலதான் இறங்கியிருக்க. சாப்பிட்டிருந்தா ஆயிரம் முடிஞ்சிருக்கும்."

இம்கே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் பூர்கார்ட் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் வாயில் இன்னொரு துண்டு உருளைக்கிழங்கைப் போட்டுக்கொண்டாள்.

*

ரூடிகர் நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பொறியாளன். ஊர் எத்தனை மணிக்கு எழுந்தது, கால்பந்து ஆட்டத்தில் இடைவேளை எப்போது விட்டார்கள், மாமியார்கள் எந்த வாரம் விருந்துக்கு வந்தார்கள் எல்லாவற்றையும், நீர்வரத்தைக் காட்டித் திரையில் ஓடும் ஒரு கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவான். எதையும் அளந்து பார்த்தால் தீர்வு கிடைத்துவிடும் என்று நம்புகிறவன்.

கிளப்பில் நாற்பத்து மூன்று பேர். அதில் பெண்கள் மூவர். மற்ற இருவர் பக்கத்திலேயே சுற்றிவிட்டு ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுபவர்கள். நீண்ட தூரம் போகிறவள் இம்கே மட்டும்தான். கிளப் அறையின் சுவரில் ஒரு காலிச் சட்டம் தொங்கியது. அதன் அடியில் 'ஆயிரம்' என்று பித்தளையில் பொறித்திருந்தார்கள். முதன்முதலில் ஆயிரம் கிலோமீட்டர் பறந்து திரும்புகிறவரின் படத்துக்காகப் பத்தொன்பது வருடமாக அது காத்திருந்தது. எல்பெ ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிளப்பில் அப்படி மூன்று படங்கள் இருந்தன. அவர்கள் அதை மறக்கவிடுவதில்லை.

ஆயிரம் பறக்க நீண்ட பகலும் நல்ல மேகமும் ஒரே நாளில் வர வேண்டும். மே, ஜூன் இரண்டு மாதத்தில் அப்படி நாலைந்து நாள் வந்தால் அதிகம். ஒரு நாள் உருளைக்கிழங்கு வயலில் போய்விட்டது.

சனிக்கிழமை கிளப்பில் காப்பியும் கேக்கும் சாப்பிடும் நேரத்தில் ரூடிகர் பிரச்சினையைச் சபையில் வைத்தான். ஒற்றைக் கையால் சாப்பிட முடிய வேண்டும். உதிரக் கூடாது. உருகக் கூடாது. ஒட்டக் கூடாது. படுத்த மாதிரி உட்கார்ந்துகொண்டே விழுங்க வேண்டும்.

தலைவர் எக்கேஹார்ட், ஓய்வுபெற்ற பல் மருத்துவர், தொண்டையைச் செருமினார்.

"மூணு வாழைப்பழம், ரெண்டு லிட்டர் தண்ணி, நாலு பிளாஸ்டிக் பை. நாப்பது வருஷமா எனக்கு இதுதான். வேற எதுவும் வேண்டாம்."

"பை எதுக்கு? தோலப் போடறதுக்கா?" என்று கேட்டான் ரூடிகர். அவன் கிளைடர் ஓட்டியதில்லை. உயரம் என்றால் அவனுக்கு ஏணியே அதிகம்.

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தோலுக்கும்தான்" என்றார் எக்கேஹார்ட்.

வீட்டுக்கு வந்ததும் ரூடிகர் வாழைப்பழத்தையும் நாலு பைகளையும் மேஜைமேல் வரிசையாக வைத்தான். இம்கே பைகளைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"இது எனக்கு உதவாது, ரூடி."

"நாலு பத்தாதா?"

"நானூறு குடுத்தாலும் உதவாது."

"அப்ப வாழைப்பழம் பிடிக்கலையா?"

இம்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

*

சமையலறையில் ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டுக் கால் நீட்டிப் படுத்தான் ரூடிகர். தொடைகளுக்கு நடுவே துடைப்பக் கட்டையை நட்டு, அதை வலது கையால் பிடித்துக்கொண்டான். அதுதான் கிளைடரின் பிடி. இடது கையால் ஒவ்வொரு தின்பண்டமாக எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தான். பிஸ்கட் சட்டைக்குள் உதிர்ந்தது. சாக்லேட் உருகித் துடைப்பத்தில் ஒட்டியது. அவித்த முட்டை கழுத்து வழியாக உள்ளே போய் முதுகில் நின்றது.

இம்கே கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு. முட்டைய எடுத்து விடறேன்."

"இரு, இடது பக்கம் திரும்பினா தானா வருதான்னு பாக்கறேன்."

"ரூடி, சாப்பாடு பிரச்சினையே இல்ல."

"பின்ன வேற என்ன பிரச்சினை?"

இம்கே அவனைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்து அவன் எதிரே உட்கார்ந்தாள். கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

ரூடிகரின் கைபேசி அடித்தது. நிலையத்திலிருந்து.

"ரெண்டாவது தொட்டியா? நிரம்பினா திறந்து விடுங்கப்பா!" என்று படுத்தபடியே கத்தினான் ரூடிகர். "எத்தன மணி நேரம் அடக்கி வெச்சிருக்கீங்க? எந்தத் தொட்டி தாங்கும்? இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே! இருங்க, வர்றேன்."

முட்டையோடு ஓடினான். அவன் திரும்பி வந்தபோது இம்கே தூங்கிவிட்டிருந்தாள்.

*

அடுத்த நல்ல நாளுக்கு ரூடிகர் உப்பு போட்டு வறுத்த பாதாம் கொடுத்தான். உதிராது, உருகாது, ஒட்டாது. கச்சிதம்.

ஆறு மணி நேரத்தில் திரும்பிவிட்டாள் இம்கே. உதடு வெடித்திருந்தது. பாதாமில் பாதி தின்றிருந்தாள். தண்ணீரைத் தொடவில்லை. தலைவலி என்று இரண்டு நாள் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தாள்.

எக்கேஹார்ட் அவள் உதட்டைப் பார்த்துவிட்டு ரூடிகரைத் தனியே அழைத்தார்.

"தண்ணி பத்தல. மேல காத்து வறண்டு கெடக்கும். ஒடம்புல இருக்கறதெல்லாம் உறிஞ்சிடும். தண்ணி இல்லாம தலை சுத்தி, கீழ விழுந்து வெச்சா என்ன பண்ணுவ? உள்ள நீர் போகணும்ப்பா, நீர்."

நீர் என்றால் ரூடிகருக்குச் சொல்லவா வேண்டும்? தர்பூசணியை ஒரே அளவுச் சதுரங்களாக நறுக்கினான். வெள்ளரிக்காயை விரல் நீளத்துக்கு வெட்டினான். மூன்று லிட்டர் தண்ணீர்ப் பை ஒன்று வாங்கி, அதிலிருந்து குழாய் இழுத்து, இருக்கையின் தோள்பட்டைப் பட்டையில் கட்டினான். தலையைத் திருப்பினால் குழாய் நேராக வாய்க்குள் போகும்.

இம்கே அந்தக் குழாயைப் பார்த்தாள். பாம்பைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

"மூணு லிட்டரா?"

"முழுசும் குடிக்கணும். எனக்காக."

"உனக்காகவா?"

"நீ மேல மயங்கிக் கெடக்கற மாதிரி ராத்திரில்லாம் கனவு வருது, இம்கே."

அவள் அவன் கன்னத்தைத் தட்டினாள். "சரி. குடிக்கறேன்."

நான்கு மணி நேரம்.

நான்காவது மணி நேர முடிவில் இம்கேயின் கிளைடர் சுற்றுக்கூட அடிக்காமல் நேராக வந்து ஓடுதளத்தில் இறங்கியது. கண்ணாடி மூடி திறந்தது. இம்கே வெளியே குதித்தாள். கிளைடரை நட்ட நடு ஓடுதளத்தில் அப்படியே விட்டுவிட்டுக் கிளப் கட்டடத்தை நோக்கி ஓடினாள்.

மேலே இறங்கக் காத்திருந்த இருவர் வானொலியில் கத்தினார்கள். பூர்கார்டும் ரூடிகரும் ஓடிப்போய்க் கிளைடரை ஓரம் தள்ளினார்கள்.

ஓடுதளத்தை மறிப்பதைவிடப் பெரிய பாவம் அந்தக் கிளப்பில் கிடையாது. எக்கேஹார்ட் முகம் சிவந்து நின்றார்.

"தோத்துட்டா யாரையும் ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்கறா" என்றார். "திறமை இருக்கு. மனசுதான் பத்தல."

"மனசெல்லாம் இருக்கு" என்றான் ரூடிகர். "தர்பூசணி சரியில்ல. வயித்தக் கலக்கியிருக்கும்."

அவன் தர்பூசணியை விட்டான். ஆனால் நீர் வேண்டும், சத்தும் வேண்டும் என்பதை விடவில்லை. அது ஜூன் மாதத் தொடக்கம். சாலையோரக் கடைகளில் எல்லாம் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுகள் கட்டுக்கட்டாக நின்றன. எங்கள் பக்கத்தில் அது விளையும் ஆறு வாரமும் மனிதர்கள் வேறு எதையும் சாப்பிடுவதில்லை.

"உடம்பக் கழுவி விட்ட மாதிரி இருக்கும்" என்று சொல்லி இரண்டு கட்டு அதிகமாக வைத்தாள் கடைக்காரி.

ரூடிகர் பதமாக அவித்து, ஒவ்வொரு தண்டையும் மெல்லிய பன்றி இறைச்சியில் சுருட்டினான். ஒற்றைக் கைக்கு அடக்கம். உதிராது, உருகாது. நீர் உண்டு, உப்பு உண்டு. துடைப்பத்தோடு படுத்துச் சோதித்துப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது, அவ்வளவு பொருத்தம். கூடவே தூக்கம் வராமல் இருக்க ஒரு குடுவை கறுப்புக் காப்பி.

இரண்டு மணி நேரம் பத்து நிமிடம்.

"பத்து, ஆறு, நாலு, ரெண்டு" என்று விரல் விட்டு எண்ணினான் பூர்கார்ட். "இன்னும் ஒரு தடவ நீ சமைச்சேன்னா, நான் கம்பிவடம் மாட்டறதுக்கு முன்னாடியே இறங்கிடுவா."

ரூடிகருக்கே அப்படித்தான் தோன்றியது.

*

காரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். செம்மறி ஆட்டுக் கூட்டம் ஒன்று சாலையைக் கடக்க, ரூடிகர் வண்டியை நிறுத்தினான். ஆடுகள் தீரும்வரை காத்திருந்தார்கள்.

"என் சமையல் பிடிக்கலன்னா சொல்லிடு" என்றான். "கோவிச்சுக்க மாட்டேன். கடைல வாங்கிக்கலாம்."

"உன் சமையல் பிடிக்காமலா உன்னோட தட்டுலேர்ந்தும் எடுத்துத் திங்கறேன்?"

"பின்ன ஏன் மேல போனா மட்டும்...?"

இம்கே ஆடுகளைப் பார்த்தாள். அவற்றில் ஒன்று சாலை நடுவில் நின்றது. அவசரமே இல்லாமல், யாரையும் பற்றிக் கவலைப்படாமல், தன் காரியத்தை முடித்துக்கொண்டு நடந்தது.

"ரூடி" என்றாள் இம்கே திடீரென்று. "நீ என்ன வேணும்னாலும் செஞ்சு குடு. எவ்வளவு வேணும்னாலும் குடு. எல்லாத்தையும் சாப்பிடறேன். மூணு லிட்டரும் குடிக்கறேன்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

"எப்படித் திடீர்னு?"

"முடிவு பண்ணிட்டேன். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

என்ன மிச்சம் என்று ரூடிகர் கேட்கவில்லை. அவன் மனம் அதற்குள் ஓட்ஸுக்குப் போயிருந்தது.

ஓட்ஸ், தேன், காய்ந்த ஆப்பிள், பொடித்த கொட்டைகள், ஒரு சிட்டிகை உப்பு. அரைத்து, அழுத்தி, மெல்லிய சூட்டில் வாட்டி, விரல் அளவுக் கட்டிகளாக வெட்டினான். எட்டாவது தடவைதான் பதம் வந்தது. உதிராமல் கடிக்க வந்தது, ஒட்டாமல் கரைந்தது.

கொஞ்சம் குளுக்கோஸ் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று மருந்துக்கடைக்குப் போனான். கல்லாவுக்குப் பின்னால் திருமதி டீட்யன், அறுபது வயது, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

"உங்க மனைவி இப்பத்தான் வந்துட்டுப் போனாங்க" என்றாள்.

"தலைவலி மாத்திரையா?"

"யாருக்கு என்ன குடுத்தேன்னு நான் சொல்றதில்ல. இந்தக் கடைல அது வழக்கமில்ல." அவள் குளுக்கோஸை எடுத்து வைத்தாள். கொஞ்சம் தயங்கினாள். "அவங்க அந்த விமானத்துல எவ்வளவு நேரம் இருப்பாங்க?"

"இந்தத் தடவ பதினோரு மணி நேரம் ஆகும்."

திருமதி டீட்யன் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பதினொண்ணா? எட்டுக்கு மேல போகுமா?"

"போகும். இத தின்னா போகும்" என்று ரூடிகர் பையிலிருந்து ஒரு கட்டியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அவள் அதை வாங்கி நீண்ட நேரம் பார்த்தாள்.

"கடவுள் துணை இருக்கட்டும்" என்றாள்.

*

ஜூன் மாதத்தின் கடைசி நல்ல நாள். பின்னிரவில் மழை பெய்து ஓய்ந்து, வடமேற்கிலிருந்து குளிர்காற்று வந்தது. விடிந்ததும் மேகங்கள் பருத்திபோல வெடிக்கத் தொடங்கின.

இம்கே வழக்கத்தைவிடத் தொளதொளப்பான கால்சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு கட்டிகள், மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு குடுவை காப்பி.

"காப்பியுமா?" என்றான் ரூடிகர்.

"ஏன் கூடாது?" என்றாள் இம்கே. அவள் முகத்தில் இதுவரை அவன் பார்க்காத ஒரு தைரியம் இருந்தது. குழாயைத் தானே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கிளம்பும் முன்பே இரண்டு வாய் குடித்தாள்.

பூர்கார்ட் விஞ்சை இயக்கினான். கிளைடர் செங்குத்தாக ஏறி, வடத்தைக் கழற்றிக்கொண்டு, முதல் மேகத்துக்கு அடியில் வட்டமிட்டது.

ரூடிகர் கிளப் வானொலியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். இரண்டு மணி நேரம் கழித்து அவள் குரல் வந்தது.

"போலந்து எல்லைக்குப் பக்கத்துல இருக்கேன். ரெண்டு கட்டி தின்னேன். நல்லா இருக்கு, ரூடி. அரை லிட்டர் குடிச்சாச்சு."

ரூடிகர் எழுந்து நின்றான். பூர்கார்ட் விரல் விட்டு எண்ணத் தயாராக இருந்தான். நான்கு மணி நேரம் ஆயிற்று. ஆறு ஆயிற்று.

"தூரிங்கியக் காட்டத் தாண்டிட்டேன். காப்பி முடிஞ்சுது. ஒன்றரை லிட்டர்."

மற்றவர்களும் வானொலியைச் சுற்றி வந்து நின்றார்கள். எட்டாவது மணி நேரத்தில் யாரோ கேக்கை அங்கேயே எடுத்து வந்தார்கள். பத்து மணி நேரம் இருபது நிமிடம் கடந்தபோது ரூடிகர் எக்கேஹார்டின் கையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை.

"வெசர் ஆத்துக்கு மேல இருக்கேன்" என்றது வானொலி. "எல்லாக் கட்டியும் காலி. தண்ணியும் காலி. இன்னும் ரெண்டு கட்டி குடுத்திருக்கலாம் நீ."

அந்த வார்த்தைக்காக ரூடிகர் இரண்டு மாதம் காத்திருந்தான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கஞ்சன், ரெண்டு கூட வெச்சா என்ன?" என்று பூர்கார்ட் அவன் முதுகில் அறைந்தான்.

சூரியன் தாழ்ந்தபோது தெற்கில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கோடு சிறகானது. இம்கே ஓடுதளத்தின் மேல் ஒரு முழுச் சுற்று அடித்தாள். பிறகு, வேண்டுமென்றே, இன்னொன்று. பதினோரு மணி நேரம் ஐந்து நிமிடத்தில் புல்லைத் தொட்டாள். ஆயிரத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

எல்லோரும் ஓடினார்கள். இம்கே ஓடவில்லை. கண்ணாடி மூடியைத் திறந்துவிட்டு, உள்ளேயே சாய்ந்து உட்கார்ந்து, வந்தவர்கள் கையையெல்லாம் நிதானமாகக் குலுக்கினாள். படம் எடுத்தார்கள். இன்னொன்று எடுங்கள் என்றாள். நீர்த்தேக்கத்தின் மேல் ஒரு கழுகோடு சேர்ந்து வட்டமடித்ததைச் சொன்னாள். அவள் தொடர்ந்து ஐந்து வாக்கியம் பேசி அன்றுதான் கேட்டார்கள்.

"ரூடி, கார்ல உன்னோட நீள மழைக்கோட்டு இருக்குல்ல? கொண்டு வா."

"வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லயே?"

"குளிருது."

ஜூன் மாதம்தான். ஆனால் சாதனை செய்தவர்களுக்குக் குளிரலாம். ரூடிகர் கோட்டைக் கொண்டுவந்தான். இம்கே அதைத் தோளிலிருந்து கணுக்கால்வரை சுற்றிக்கொண்டு இறங்கி, ஒரு மகாராணிபோல மெதுவாக, கால்களைச் சற்று அகட்டி வைத்து, கிளப் கட்டடத்துக்கு நடந்தாள்.

"நடைய பாருங்க" என்றார் எக்கேஹார்ட். "வெற்றி வந்ததும் நடையே மாறிடுச்சு."

*

ஒரு வாரம் கழித்து, சனிக்கிழமை மாலை விழா எடுத்தார்கள். அடுப்பில் இறைச்சி வெந்தது. பீப்பாயில் பீர் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிளப்பின் தலைவரையும் அழைத்து முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். சுவரின் காலிச் சட்டத்தில் இம்கே, மழைக்கோட்டில், சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அன்று அதிகம் சூழப்பட்டவன் ரூடிகர்தான். முந்நூறு கட்டிகள் செய்து தாம்பாளத்தில் கொண்டுவந்திருந்தான். எதிர்க் கிளப் தலைவர் மூன்று தின்றுவிட்டு, நாலாவதைக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"செய்முறை குடுப்பீங்களா?" என்றார்.

"யோசிக்கணும்" என்றான் ரூடிகர்.

பூர்கார்டே எழுந்து நின்று, "சொன்ன வார்த்தையத் திரும்ப வாங்கிக்கறேன். இனி எனக்கும் நீதான் சமையல்" என்றான். அதற்குக் கைதட்டினார்கள். பிறகு ரூடிகரைப் பேசச் சொன்னார்கள்.

"நான் இருபத்திரெண்டு வருஷமா கழிவுநீர் நிலையத்துல இருக்கேன்" என்று ஆரம்பித்தான் ரூடிகர். "அங்க கத்துக்கிட்டது ஒண்ணுதான். உள்ள என்ன போகுதுங்கறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. அதச் சரி பண்ணிட்டா மத்ததெல்லாம் தானா நடக்கும். நான் உட்கார்ந்து யோசிச்சேன். அளந்தேன். துடைப்பத்தோட படுத்தேன். கடைசில பாருங்க, ஒரு சின்னக் கட்டி, ஆயிரம் கிலோமீட்டர்!"

கூடம் அதிர்ந்தது. எக்கேஹார்ட் எழுந்து, இன்றுமுதல் இந்தக் கட்டிக்கு 'ரூடிகர் கட்டி' என்று பெயர் என அறிவித்தார். நீண்ட தூரம் போகிற எல்லோரும் இனி இதைத்தான் எடுத்துப் போக வேண்டும் என்றார். ரூடிகர் மூன்று தடவை தலை வணங்கினான்.

"இப்ப நம்ம ராணி" என்றார் எக்கேஹார்ட். "இம்கே, நீ பேச மாட்டேன்னு தெரியும். ஒரே ஒரு வார்த்த. இந்த வெற்றிக்கு யாருக்கு நன்றி சொல்ற?"

எல்லோரும் ரூடிகரைப் பார்த்தார்கள். ரூடிகர் அடக்கமாகத் தரையைப் பார்த்தான்.

இம்கே எழுந்தாள். முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மேஜையை விட்டாள்.

"முதல்ல ரூடிக்கு" என்றாள். "கட்டி அருமையா இருந்துச்சு. ஆனா நான் பதினோரு வருஷமா இந்தக் கிளப்புல பறக்கறேன். இத்தன வருஷமா எங்கிட்ட யாரும் கேக்காத ஒண்ணு இருக்கு. நானும் வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லல. இன்னிக்கு என் சார்பா ஒரு விருந்தாளியக் கூப்பிட்டிருக்கேன்."

கடைசி வரிசையில், கேக் தட்டோடு, கண்ணாடிச் சங்கிலி மின்ன உட்கார்ந்திருந்தாள் திருமதி டீட்யன். எல்லாத் தலைகளும் திரும்பின.

"டீட்யன் அம்மா" என்றாள் இம்கே. "உங்களுக்கு எங்கிட்ட ஏதோ கேக்கணும்னு சொன்னீங்களே. கேளுங்க."

"இங்கயா?" என்றாள் திருமதி டீட்யன். "இத்தன ஆம்பளைங்க முன்னாடியா?"

"இவங்க முன்னாடிதான். நல்லா சத்தமா."

திருமதி டீட்யன் தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள். கடையில் முப்பத்தைந்து வருடமாகக் கட்டிக்காத்த வழக்கத்தை ஒரு பெருமூச்சில் விட்டாள்.

"ஒரு வாரமா இதக் கேக்காம எனக்குத் தூக்கமே இல்லம்மா. நீங்க வாங்கிட்டுப் போனீங்களே, பெரியவங்க போட்டுக்கற டயப்பர், அது பாக்கெட்ல எட்டு மணி நேரம்தான்னு போட்டிருக்கு. உங்களுக்குப் பதினோரு மணி நேரமும் தாங்குச்சா?"